சம்பளம் கைத்தொலைபேசிக்கு வரும்போது சம்பளக் கணக்கு எங்கே போகிறது?

சம்மாந்துறையில் அரிசி ஆலையும் கல்முனையில் ஒரு விற்பனைக் கடையும் நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாப்பா முப்பது வருடமாகச் சம்பளத்தைக் கொப்பியில் எழுதி, சனிக்கிழமை பின்னேரம் காசாகக் கொடுத்து வருகிறார். எங்களிடம் 34 பேர் வேலை செய்கிறார்கள். 9 பேருக்கு மாதச் சம்பளம். மற்றவர்களுக்கு நாட்கூலி, இல்லாவிட்டால் மூட்டைக் கணக்கு. இளம் பிள்ளைகள் சம்பளத்தைப் போனுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். ஒரு செயலியை இறக்கி எல்லாவற்றையும் அதில் போட்டுவிடலாமா? ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) விடயம் என்னாகும்?"

நான் கல்லடியில் இருந்துகொண்டு, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் சிறு நிறுவனங்களுக்கு இருபது வருடங்களுக்கு மேலாகச் சம்பளக் கணக்குப் பார்த்து வருகிறேன். என்னிடம் வரும் கேள்விகளில் இப்போது பாதிக்கு மேல் இதே கேள்விதான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பி, போனுக்கு அனுப்பலாம், அனுப்புவதே நல்லது. ஆனால் செயலியை இறக்குவதற்கு முன், சனிக்கிழமை பின்னேரம் உங்கள் வாப்பாவின் மேசையில் என்ன நடக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று ஒருமுறை பாருங்கள். இதே போன்ற ஓர் ஆலையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிடுகிறார். களத்தில் நெல் காயவைக்கும் ஒரு பெண் முன்னால் வருகிறார். "ஐந்தரை நாள், முற்பணம் ஆயிரம்" என்று கணக்கப்பிள்ளை வாசிக்கிறார். அந்தப் பெண் உடனே, "புதன்கிழமை அரை நாள் இல்லை, மழை விட்டதும் திரும்பக் கூப்பிட்டீர்கள், பொழுதுபடும் வரை நின்றேன்" என்கிறார். பக்கத்தில் நிற்கும் இரண்டு பேர் ஆமாம் என்கிறார்கள். கணக்கப்பிள்ளை அரையை வெட்டி முழு நாளாக எழுதி, காசை எண்ணிக் கொடுக்கிறார். இவ்வளவுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த நிமிடத்துக்குள் மூன்று வேலைகள் முடிந்துவிட்டன: கணக்குப் பார்க்கப்பட்டது, கணக்கு வேலையாளுக்குக் காட்டப்பட்டுத் திருத்தப்பட்டது, காசு கைமாறியது.

கைத்தொலைபேசி எளிதாக்கித் தருவது இந்த மூன்றில் கடைசியை மட்டுமே. அதே ஆலை பின்னர் வங்கி மாற்றத்துக்குப் போனபோது, அதே பெண்ணின் போனுக்கு வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதில் இருந்தது ஒரே ஒரு தொகை. எத்தனை நாள், எந்த நாள் அரை நாள், முற்பணத்தில் எவ்வளவு கழிந்தது, சேமலாப நிதிக்கு எவ்வளவு போனது என்று எதுவும் அதில் இல்லை. மேசையும் இல்லை, கூப்பிட்டு வாசிப்பதும் இல்லை, ஆமாம் சொல்ல அயலில் ஆளும் இல்லை. குறைவதாக அவருக்குத் தோன்றினாலும் யாரிடம், எதைக் காட்டிக் கேட்பது என்று தெரியாது. சம்பளம் போனுக்குப் போன இடங்களில் நான் திரும்பத் திரும்பக் காணும் குறை இதுதான். ஆகவே உங்களுக்கு முதலில் தேவைப்படுவது காசு அனுப்பும் வழி அல்ல, சம்பளச் சிட்டை. அதைத் தமிழில், நாள் வாரியாக, காசு அனுப்புவதற்கு ஒரு நாள் முன்னதாகவே வேலையாளின் போனுக்கு அனுப்பிவிட வேண்டும். பிழை இருந்தால் காசு போவதற்கு முன் அவர் சொல்ல முடியும்.

காசு அனுப்பும் வசதி இலங்கையில் நேற்று வந்ததல்ல. வங்கிகளுக்கிடையில் மொத்தமாகச் சம்பளம் போடும் ஸ்லிப்ஸ் முறை 1993 முதல் இருக்கிறது. கைத்தொலைபேசியையே பணப்பையாக்கிய ஈசி கேஷ் 2012 இல் வந்தது. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனடியாகப் பணம் போய்ச் சேரும் செஃப்ட்ஸ் முறை 2015 இல் தொடங்கியது. நம் பகுதியில் இவற்றை முதலில் பழகியவர்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போன இளம் பெண்களும் மத்திய கிழக்குக்குப் போய் வந்தவர்களும்தான். ஐக்கிய அரபு அமீரகம் 2009 இலும் கட்டார் 2015 இலும் சம்பளத்தை வங்கி வழியாகவே கொடுக்க வேண்டும், அது அரசின் கணினிக்குத் தெரிய வேண்டும் என்று சட்டமாக்கின. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கே பார்த்தாலும் அந்த முறையில் சம்பளம் வாங்கித் திரும்பிய ஒருவர் ஒரு வீட்டிலாவது இருப்பார். அவர் இங்கே ஓர் ஆலையிலோ கட்டட வேலையிலோ சேரும்போது, "அங்கே மாதம் தவறினால் அரசாங்கத்துக்கே தெரிந்துவிடும், இங்கே ஏன் கொப்பியில் கையெழுத்து?" என்று கேட்பது இயல்பு. உங்கள் ஆலையின் இளம் வேலையாட்கள் கேட்பதும் அந்த அனுபவத்திலிருந்து வந்ததாகவே இருக்கும். அதைப் பிள்ளைத்தனமான ஆசை என்று வாப்பா தள்ளிவிடக் கூடாது.

இனி ஈ.பி.எஃப். விடயத்துக்கு வருவோம். பல முதலாளிமார் வங்கி வழிக்குத் தயங்குவதன் உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது: காசாகக் கொடுத்தால் தடம் இல்லை, வங்கியில் போட்டால் தடம் விழும், தடம் விழுந்தால் 25 பேருக்கும் சேமலாப நிதி கட்டவேண்டி வரும் என்ற பயம். ஆனால் கட்ட வேண்டிய கடமை தடத்தினால் வருவதல்ல. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர், நாட்கூலி, துண்டுக் கணக்கு என்று பிரித்துப் பார்ப்பதில்லை; வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே பங்களிப்பு உண்டு. ஊழியரின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். அதற்கு மேல், 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம் கட்ட வேண்டும். மூட்டை சுமக்கும் நாட்டாமைமாரும் களத்துப் பெண்களும் இதற்குள் வருகிறார்கள்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். நாளொன்றுக்கு 2,000 ரூபாய்ப்படி மாதத்தில் 22 நாள் வேலை செய்தவருக்கு 44,000 ரூபாய். அதில் அவருடைய 8 வீதம் 3,520; உங்கள் 12 வீதம் 5,280; நம்பிக்கை நிதிக்கு 1,320. சேமலாப நிதியில் மட்டும் மாதம் 8,800 ரூபாய் அவர் பெயரில் சேருகிறது. இதே அளவில் வேலை நடந்தால் வருடத்துக்கு 105,600. உங்களுக்கு ஒருவருக்கு மாதம் 6,600 ரூபாய் மேலதிகச் செலவு. சிறிய தொகை என்று நான் சொல்ல மாட்டேன். ஆலை வருமானத்தில் இது உறைக்கும். ஆனால் அடுத்த மாத இறுதிக்குள் கட்டாவிட்டால், தாமதத்துக்கு ஏற்ப 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மிகைக்கட்டணம் ஏறும். வழக்கு என்று போனால் நீதவான் நீதிமன்றம் வழியாக அறவிடுவார்கள். ஐந்து வருட நிலுவை ஒரே நாளில் வந்து நிற்பதை நான் ஒரு வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. நாட்கூலிக்குச் சேமலாப நிதி இல்லை என்று யாரோ சொன்னதை நம்பியவர். அந்த நிலுவையைக் கட்ட அவர் ஒரு லொறியை விற்றார்.

34 பேர் என்பதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்துக்கு 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும். ஐந்து வருடம் முடித்து விலகும் மாதச் சம்பளக்காரருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதம்; மற்றவர்களுக்கு வருடத்துக்கு 14 நாள் கூலி. அந்த ஐந்து வருடம் எங்கே தொடங்கியது என்பதற்கு உங்கள் வீட்டில் இருக்கும் ஒரே சாட்சி வாப்பாவின் பழைய கொப்பிகள்தான். செயலிக்கு மாறினோம் என்று அவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவரும் முதன்முதலில் வேலைக்கு வந்த திகதியை அவற்றிலிருந்து எடுத்து, புதிய பதிவின் முதல் வரியாக எழுதுங்கள்.

செயலியைத் தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவற்றில் முதன்மையானது, அது எந்த நாட்டுச் சட்டத்துக்காகச் செய்யப்பட்டது என்பது. இலவசமாகக் கிடைக்கும் பல சம்பளச் செயலிகள் இந்தியாவுக்காக எழுதப்பட்டவை. அங்கே வருங்கால வைப்பு நிதிக்கு ஊழியரிடமிருந்து 12 வீதம் கழிப்பார்கள். அந்த அமைப்பை மாற்றாமல் இங்கே பயன்படுத்திய ஒரு கடையில், மூன்று மாதம் எல்லோருடைய சம்பளத்திலும் 4 வீதம் கூடுதலாகக் கழிந்திருந்ததை நானே கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். தமிழில் இருக்கிறது என்பதற்காகவே அந்தச் செயலியை அவர்கள் எடுத்திருந்தார்கள்.

அடுத்தது வாராந்த விடுமுறை. உங்கள் ஆலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்று நினைக்கிறேன், களுவாஞ்சிகுடியில் ஞாயிறு. செயலியில் ஞாயிறு விடுமுறை என்று முன்கூட்டியே பதிந்திருந்தால், வெள்ளிதோறும் எல்லோரும் வராதவர்கள் ஆகி, ஞாயிறுதோறும் எல்லோருக்கும் மேலதிக நேரம் ஏறும். போயா தினங்களையும் வருடத் தொடக்கத்தில் நீங்களே பதிய வேண்டும். போயாவில் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி கொடுக்க வேண்டும் என்பது 1971 இலிருந்து சட்டம். மேலதிக நேரக் கணக்கு இன்னும் நுணுக்கமானது. உங்கள் கல்முனைக் கடை ஊழியர்கள் 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்கீழ் வருவார்கள். மாதச் சம்பளத்தை 240 ஆல் வகுத்து மணித்தியாலக் கூலி எடுப்பது அங்கே வழக்கம். தொழில்வாரியாகக் கூலியைத் தீர்மானிக்கும் சம்பளச் சபைகளின்கீழ் வரும் தொழில்களில் 200 ஆல் வகுப்பார்கள். இரண்டிலும் அதன் ஒன்றரை மடங்குதான் மேலதிக நேரத்துக்கு. 36,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு 240 ஆல் வகுத்தால் மேலதிக மணி ஒன்றுக்கு 225 ரூபாய். 200 ஆல் வகுத்தால் 270. ஆலைக்கும் கடைக்கும் ஒரே கணக்கைப் போட்டால் ஒரு பக்கம் எப்போதும் பிழையாகும். சேமலாப நிதிக்கான சம்பளத்தில் மேலதிக நேரக் காசு சேராது. ஆனால் உணவின் பெறுமதி சேரும். ஆலையில் மதியச் சோறு கொடுப்பவர்கள் இதைக் கவனிக்காமல் விடுவது மிகவும் சாதாரணம்.

குறைந்தபட்சச் சம்பளமும் அண்மைக் காலத்தில் வேகமாக மாறியிருக்கிறது. 2016 இல் மாதம் 10,000 ரூபாயாக இருந்த தேசிய குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும், 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் உயர்ந்தது. நாட்கூலிக்கு அது 1,080 ஆகி, பின்னர் 1,200 ஆகியது. ஆலையில் ஆண்கள் இதைவிடக் கூடவே வாங்குகிறார்கள். ஆனால் களம் கூட்டும் வயதான பெண்களுக்கு இந்தத் தொகையே கிடைக்கிறதா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். வருமான வரி உங்கள் ஊழியர்களைத் தொடாது. 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபாய் வரை வரியில்லை.

தொழில்நுட்பம் மாறியதைவிட, வேலைக்கு வருபவர்கள் மாறியதுதான் சம்பளக் கணக்கை அதிகம் குழப்பியிருக்கிறது என்பது என் எண்ணம். உங்கள் வாப்பாவின் கொப்பி, ஒருவர் ஓர் ஆலைக்கு வந்து இருபது வருடம் அங்கேயே இருப்பார் என்ற காலத்துக்கு எழுதப்பட்டது. இப்போது ஓர் இளைஞர் பெரும்போக அறுவடை முடிந்து நெல் வந்து குவியும் பெப்ரவரி, மார்ச்சில் உங்கள் ஆலையில் நிற்பார். ஏப்ரல், மே மாதத்தில் அலைச்சறுக்குப் பருவம் தொடங்கியதும் அறுகம்பை விடுதிக்குப் போவார். ஒக்டோபரில் திரும்பி வந்து கட்டட வேலைக்கு நிற்பார். இடையில் முச்சக்கரவண்டியும் ஓடுவார். ஒரு வருடத்தில் மூன்று முதலாளிமார், சேமலாப நிதியில் மூன்று உறுப்பினர் இலக்கங்கள். மூன்று இடத்திலும் கட்டினாலும், அந்தப் பணம் முடிவில் ஒரே மனிதனிடம் போய்ச் சேர்வதற்கு அவருடைய தேசிய அடையாள அட்டை இலக்கம் ஒன்றே பாலம்.

அந்தப் பாலம் எப்படி உடைகிறது என்பதற்கு ஒரு சம்பவம். வாகரைப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் பாசிக்குடாவில் ஒரு விடுதியில் நான்கு பருவம் வேலை செய்தார். விடுதிக்கு அவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய அடையாள அட்டைப் படத்தில் வெளிச்சம் பட்டு ஓர் இலக்கம் தெளிவில்லை. கணக்கெழுதியவர் 3 ஐ 8 ஆகப் பதிந்துவிட்டார். பெயரிலும், பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் முழுமையாக இருக்க, விடுதிப் பதிவில் முதலெழுத்து மட்டும் இருந்தது. நான்கு பருவமும் பங்களிப்பு ஒழுங்காகக் கட்டப்பட்டது. சம்பளமும் மாதம் தவறாமல் அவர் போனுக்கு வந்தது. பணத்தைப் பற்றி அவர் விசாரிக்கப் போன நாளில்தான் அப்படி ஓர் உறுப்பினர் அவருடைய அட்டை இலக்கத்தில் இல்லை என்று தெரிந்தது. அதைத் திருத்தி முடிப்பதற்குள், அவர் தொழில் அலுவலகத்துக்கும் விடுதிக்கும் எத்தனை முறை அலைந்தார் என்று என்னிடம் சொன்னபோது, அந்த ஓர் இலக்கத்தைப் பதிந்தவர் இதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே 34 பேரின் அட்டைகளையும் படமாக வாங்காமல், அட்டையையே கையில் வாங்கிப் பார்த்துப் பதியுங்கள். 2016 முதல் 12 இலக்கப் புதிய அட்டை வழங்கப்படுவதால், சிலரிடம் பழைய 9 இலக்க அட்டையும் சிலரிடம் புதியதும் இருக்கும். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்த்து, பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களுக்குப் பின் ஒரு 0 சேர்த்து, கடைசி எழுத்தை விட்டுவிட்டால் புதிய இலக்கம் வரும். பெண்களுக்கு நாள் எண்ணுடன் 500 கூட்டியிருக்கும் என்பதால், எழுத்துப் பிழையை அதிலிருந்தே ஓரளவு கண்டுகொள்ளலாம். பழைய இலக்கத்தில் முன்பே சேமலாப நிதிக் கணக்கு உள்ளவருக்கு இரண்டு இலக்கங்களையும் பதிந்து வைப்பது உங்களுக்கும் அவருக்கும் பாதுகாப்பு.

நாள்வரவைப் பதியும் முறையிலும் ஒரு வார்த்தை. விற்பனைக்காரர்கள் கைவிரல் அடையாள இயந்திரத்தைத்தான் முதலில் காட்டுவார்கள். உமியும் மூட்டைச் சாக்கும் பட்டுத் தேய்ந்த விரல்களை அந்த இயந்திரம் அடிக்கடி அடையாளம் காணாது. மருதமுனையில் நெசவு வேலை செய்யும் ஒரு பெண்ணின் விரலை அது மூன்று தடவை மறுத்ததையும், பின்னால் நின்றவர்கள் பொறுமையிழக்க அவர் விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். வேலைக்கு வந்தவர், வந்ததை நிரூபிக்க முடியாமல் அப்படி நிற்கக் கூடாது. மேலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய உடல்சார் அடையாளங்களை விசேட வகைத் தரவாகக் கருதுகிறது. அவற்றைச் சேகரித்து வைப்பவர் பொறுப்பு ஏற்க வேண்டும். 34 பேருக்கு அது தேவையில்லை. மேற்பார்வையாளர் தன் போனில் காலையிலும் மாலையிலும் பெயர்களைக் குறித்து, அந்தப் பட்டியலை அன்றைக்கே வேலையாட்களின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினால் போதும். புதன்கிழமை அரை நாளா முழு நாளா என்ற பிணக்கு புதன்கிழமையே தீர்ந்துவிடும். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின்படி இலத்திரனியல் பதிவுகளும் சான்றாக ஏற்கத் தக்கவை என்பதால், இது வெறும் அரட்டையாகவும் போய்விடாது.

போன் யாருடையது என்பதை யாரும் கேட்பதில்லை. களத்துப் பெண்களில் சிலரிடம் போனே இருக்காது. இருந்தாலும் சிம் கணவன் பெயரிலோ மகன் பெயரிலோ இருக்கும். சம்பளச் செய்தி வேறொருவர் சட்டைப் பையில் ஒலிக்கும்போது, சனிக்கிழமை அவருடைய கைக்கு வந்த காசு இப்போது அவருக்கு முன்னமே இன்னொருவருக்குத் தெரிந்துவிடுகிறது. அத்துடன் வட்டிக்குக் கொடுப்பவர்கள் கடனுக்கு ஈடாக ஏ.ரி.எம். அட்டையையும் அதன் இரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் பகுதியில் இருக்கிறது. சம்பளம் கணக்கில் விழுந்த அன்றே அதை எடுத்துவிடுவார்கள். காசாகக் கொடுத்த காலத்தில் அந்தப் பெண் குறைந்தது எண்ணிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். இந்த நிலையில் உள்ளவர்களை நீங்கள் கட்டாயப்படுத்தி வங்கிக்கு அனுப்பாதீர்கள். யார் காசாக வேண்டும் என்கிறாரோ அவருக்குக் காசாகவே கொடுத்து, சிட்டையை மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள். கணக்குத் திறக்க விரும்பும் பெண்ணுக்கு, அவர் பெயரிலேயே கணக்கும் அவர் பெயரிலேயே சிம்மும் எடுக்க உங்கள் கடைப் பெண் பிள்ளை ஒருவர் கூடப் போய் உதவினால், அது நீங்கள் வாங்கப்போகும் எந்தச் செயலியைவிடவும் பெரிய உதவியாக இருக்கும்.

முற்பணத்தில்தான் போன் உண்மையிலேயே நன்மை செய்திருக்கிறது என்று மனதாரச் சொல்வேன். பிள்ளைக்குக் காய்ச்சல், பாடசாலைக் காசு, மரணவீடு என்று வாரத்தின் நடுவில் ஐந்நூறு, ஆயிரம் கேட்பதும், கொடுத்தவருக்கு ஒரு கணக்கும் வாங்கியவருக்கு ஒரு கணக்குமாகச் சனிக்கிழமை முகம் கோணுவதும் ஒவ்வொரு ஆலையிலும் நடந்தது. இப்போது போனில் அனுப்பினால் திகதியும் தொகையும் இரண்டு பக்கமும் ஒன்றாகப் பதிந்துவிடுகிறது. "முற்பணம்" என்ற ஒரு சொல்லைக் குறிப்பில் சேர்த்து அனுப்புங்கள். இரவு பத்து மணிக்கு முதலாளி வீட்டு வாசலில் வந்து நின்று கேட்கும் நிலையும் குறைகிறது. கேட்பவரின் மானத்துக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்பது கேட்டவருக்குத்தான் தெரியும்.

கொழும்பு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கும், செயலி வழியாகப் பயணிகளை ஏற்றும் ஓட்டுநர்களுக்கும் இதே பதில் பொருந்துமா என்று சிலர் கேட்பதுண்டு. முன்னையவர்கள் ஊழியர்கள்தான், இருக்கும் இடம் மாறியதால் சேமலாப நிதி மாறாது. பின்னையவர்களைச் செயலி நிறுவனங்கள் ஊழியர்களாக ஏற்பதில்லை. அவர்கள் சுயதொழில் செய்பவர்களாக ஊழியர் நம்பிக்கை நிதியில் தாமாகச் சேர வழி இருக்கிறது. உங்கள் லொறி ஓட்டுநரை "ஒப்பந்தக்காரர்" என்று மாற்றி எழுதிவிடலாமா என்று உங்களுக்கும் யாராவது யோசனை சொல்வார்கள். காலை ஆறு மணிக்கு உங்கள் சாவியை வாங்கி, உங்கள் லொறியை, நீங்கள் சொன்ன இடத்துக்கு ஓட்டுபவர் ஊழியர்தான். தாளில் என்ன எழுதினாலும்.

இனி எங்கே தொடங்குவது? மாதச் சம்பளக்காரர் 9 பேரிலிருந்து தொடங்குங்கள். அவர்களுக்கு வங்கிக் கணக்கு ஏற்கெனவே இருக்கும். முதல் இரண்டு மாதத்துக்கு எந்தச் செயலியும் வேண்டாம், ஓர் எக்செல் தாள் போதும்: வேலை செய்த நாள், கூலி, மேலதிக நேரம், முற்பணம், 8 வீதம், கையில் கிடைப்பது, வலப்பக்கம் உங்கள் 12 வீதமும் 3 வீதமும். நாட்கூலிக்காரரின் பங்களிப்பைக் கட்டத் தொடங்குவதற்கு முன், 8 வீதம் ஏன் கழிகிறது, அதனுடன் நீங்கள் 12 வீதம் சேர்க்கிறீர்கள், அது எங்கே போகிறது என்பதை அவர்களைக் கூட்டி வைத்து வாப்பாவே சொல்லட்டும். மகன் சொன்னால் சம்பளத்தை வெட்ட வந்தான் என்பார்கள், வாப்பா சொன்னால் கேட்பார்கள். பழைய வருடங்களுக்கான நிலுவையை மறைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்கலாம் என்று நினைக்காதீர்கள்; தொழில் அலுவலகத்துக்கு நீங்களாகப் போய்த் தவணை முறையில் கட்டுவதைப் பற்றிப் பேசுங்கள். அங்கே போகும்போது கொப்பிகளையும் கொண்டுபோங்கள்.

வாப்பாவின் கொப்பியை அடுத்த சிறுபோக நெல் வந்து முடியும் வரை நிறுத்த வேண்டாம். சனிக்கிழமை மேசையில் பெயரைக் கூப்பிட்டு வாசிப்பது நடக்கட்டும். காசுக்குப் பதிலாக அன்று சிட்டை கைமாறட்டும், திருத்தம் இருந்தால் அங்கேயே திருத்தட்டும், திங்கட்கிழமை காலை காசு போனுக்குப் போகட்டும். கொப்பியும் எக்செல் தாளும் எட்டு வாரம் ஒரு சதம் பிசகாமல் ஒத்துவந்த பிறகு, எந்தச் செயலி என்று என்னிடம் கேளுங்கள். அப்போது உங்கள் தாளைப் பார்த்து, அதற்குப் பொருந்துவதைச் சொல்கிறேன்.